வெளிநாட்டுல நெட் வாங்குறது ஈஸி... ஊர் நம்பரைக் காப்பாத்துறதுதான் கஷ்டம்!

அரியலூர் மாவட்டத்தில் ஆலத்தியூர் என்றால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது சிமெண்ட் ஆலை. 1997-ல் ராம்கோ சிமெண்ட்ஸ் இங்கே ஆலையைத் தொடங்கியபோது இந்தப் பகுதி பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆலைக்கு சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளுக்கு நடுவில்தான், பெட்டி கட்டி திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகும் கார்களும் ஓடுகின்றன. சிங்கப்பூர், மலேசியா, துபாய், மஸ்கட், தோஹா என்று ஆள் போகாத தெருவை அரியலூர், பெரம்பலூர் பக்கம் தேடித்தான் கண்டுபிடிக்கணும். கட்டட வேலைக்குப் போகிறவரும் உண்டு, சென்னை ஐ.டி. கம்பெனியில் இருந்து ஆன்சைட் போகிற இன்ஜினீயரும் உண்டு.

ரெண்டு பேருக்கும் கிளம்பும்போது வரும் கேள்வி ஒன்றுதான். "அங்க இறங்கினதும் நெட்டுக்கு என்ன பண்றது?"

"ஏர்போர்ட் வைஃபை இருக்கும் தம்பி" என்பார் போய் வந்தவர். "மாமா வந்து சிம் வாங்கித் தருவாங்க, நீ கவலப்படாத" என்பார் அம்மா. "ஒரு பேக் போட்டுக்கிட்டு கிளம்பு மச்சான்" என்பான் நண்பன். மூன்றுமே தப்பில்லை. ஆனால் மூன்றுமே டேட்டாவைப் பற்றி மட்டும் பேசுகின்றன. போன் வெளிநாட்டில் செய்யவேண்டிய வேலை ரெண்டு. ஒன்று, நெட் தருவது. இன்னொன்று, இந்திய நம்பரை உயிரோடு வைத்திருப்பது. இந்த ரெண்டையும் ஒரே சிம்மில் செய்யப் பார்க்கும்போதுதான் காசு கரைகிறது. ரெண்டாவதை மறந்துவிட்டால் ஆறு மாசம் கழித்து பேங்க் அக்கவுன்ட்டே கைக்கு எட்டாமல் போகிறது.

ரோமிங் ஏன் இவ்வளவு விலை?

இந்தியாவில் இருந்தே ஒரு கணக்கைப் பார்ப்போம். 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிறகு ஜியோவில் தினம் 2 ஜிபி தரும் 28 நாள் பிளான் 349 ரூபாய். மொத்தம் 56 ஜிபி. ஒரு ஜிபி சுமார் ஆறேகால் ரூபாய். அதே ஜியோ 2024-ல் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு என்று அறிமுகப்படுத்திய ரோமிங் பேக்கில் ஆரம்ப விலை 898 ரூபாய். ஏழு நாள், 1 ஜிபி. கூடவே 100 நிமிடம் பேசலாம், எஸ்.எம்.எஸ். அனுப்பலாம் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், டேட்டா பல மடங்கு விலைதான். கழிக்காமல் பார்த்தால் 140 மடங்கைத் தாண்டுகிறது.

துபாயில் டவர் வைத்திருப்பது இந்திய நிறுவனம் இல்லை என்பதில் தொடங்குகிறது இந்த விலை. உங்கள் இந்திய சிம் அங்கே இறங்கியதும் உள்ளூர் நெட்வொர்க் ஒன்றில் விருந்தாளியாகச் சேர்கிறது. நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு எம்பிக்கும் அந்த நிறுவனம் உங்கள் நிறுவனத்திடம் மொத்த விலை ஒன்றை வாங்கும். அந்த மொத்த விலையை ரெண்டு கம்பெனிகளும் தங்களுக்குள் பேசி முடிவு செய்கின்றன. வெளியில் தெரியாது. அதன் மேல் உங்கள் நிறுவனம் தன் லாபத்தை வைக்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. ரோமிங்கில் நீங்கள் துபாயில் உட்கார்ந்து கூகுளைத் திறந்தாலும், அந்த டேட்டா பெரும்பாலும் இந்தியாவில் உள்ள உங்கள் நிறுவனத்தின் வழியாகச் சுற்றித்தான் வெளியே போகும். வேலைக்கு வந்தவன் ஊருக்குப் போய் கையெழுத்து வாங்கிட்டு வந்து கதவைத் திறக்கிற மாதிரி. வேகம் கொஞ்சம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தச் சுற்றுப்பாதையால் இன்னொரு குழப்பமும் வரும், அதைப் பிறகு பார்ப்போம்.

பெரிய சிக்கல் நம் பழக்கத்தில் இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு வளர்ந்த தலைமுறைக்கு டேட்டா என்பது குழாய்த் தண்ணீர். தினம் ஒன்றரை, ரெண்டு ஜிபி காலி ஆவது கண்ணுக்கே தெரியாது. நெட்ஃபிளிக்ஸ் தன் உதவிப் பக்கத்திலேயே எச்டி தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 3 ஜிபி வரை போகும் என்கிறது. ஒரு வாரத்துக்கு 1 ஜிபி என்ற பேக்கில் இருப்பவர் படுத்துக்கொண்டே ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்தால், முதல் ராத்திரியே மெசேஜ் வந்துவிடும். நீங்கள் எதுவுமே தொடாவிட்டாலும் ஆப் அப்டேட், போட்டோ பேக்கப், வாட்ஸ்ஆப் குரூப்பில் வந்து விழும் குட்மார்னிங் வீடியோ எல்லாம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். கிளம்பும் முன் அந்த மூன்றையும் "வைஃபையில் மட்டும்" என்று மாற்றி வைத்தாலே பாதி டேட்டா மிச்சம்.

'ஒரு நாளைக்கு 133 ரூபாய்தான்'

2024 ஏப்ரலில் ஏர்டெல் தன் ரோமிங் பேக்குகளை இப்படித்தான் விளம்பரம் செய்தது. நாளுக்கு 133 ரூபாயில் இருந்து, 184 நாடுகளில் ஒரே பேக். கேட்க டீ, வடை செலவு மாதிரி இருக்கும். முப்பது நாளைக்குப் பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 4,000 ரூபாய்.

ஒரு வார மீட்டிங்குக்கு சிங்கப்பூர் போய்த் திரும்புகிறவருக்கு இந்த மாதிரிப் பேக் சரியான தேர்வுதான். இறங்கியதும் நெட் வரும், ஊர் நம்பருக்கே போன் வரும், சிம் கடை தேட வேண்டாம், பில்லை கம்பெனியே கட்டிவிடும். ரெண்டு வருஷ கான்ட்ராக்டில் போகிறவருக்கு இது சரிப்படாது. அவர் சம்பளக் கணக்கில் மாதம் 4,000 ரூபாய் என்பது வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் விழும் ஓட்டை. அவருக்கு ரோமிங் பேக் தேவைப்படுவது முதல் ஒரு வாரம் மட்டும்தான். உள்ளூர் சிம் கைக்கு வரும் வரை.

பேக்கே போடாமல் போனால்? போஸ்ட்பெய்டு ஆட்கள்தான் இங்கே அதிகம் அடிபடுவார்கள். டேட்டா ரோமிங் பட்டன் ஆனில் இருந்து, பேக்கும் இல்லை என்றால், எம்பிக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடும். ப்ரீபெய்டில் பேலன்ஸ் தீர்ந்ததும் நின்றுவிடும், அந்த வகையில் அது ஒரு பாதுகாப்பு. விமானத்துக்குள்ளும் கப்பலுக்குள்ளும் கிடைக்கும் நெட்வொர்க் தனி நிறுவனங்களுடையது. நாட்டுக்கான பேக் போட்டிருந்தாலும் பல நேரம் அது அங்கே செல்லாது. ஃபிளைட் மோடு போடச் சொல்வது பைலட்டுக்காக மட்டும் இல்லை, உங்க பர்ஸுக்காகவும்தான். தனுஷ்கோடி கடற்கரையில் நிற்கும்போதே இலங்கை நெட்வொர்க் பிடித்து, "வெல்கம் டு ஸ்ரீலங்கா" மெசேஜ் வாங்கியவர்களுக்கு இந்த மீட்டர் எவ்வளவு சுலபமாக ஆரம்பிக்கும் என்று தெரியும்.

லோக்கல் சிம்தான் மலிவு, ஆனால் உங்கள் பெயரில் வாங்குங்கள்

சில வாரங்களுக்கு மேல் தங்கப் போகிறவர்களுக்கு டேட்டாவுக்கு ஒரே புத்திசாலித்தனமான வழி உள்ளூர் சிம். சிங்கப்பூரில் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா என்று நான்கு நிறுவனங்கள் போட்டி போடுகின்றன. போட்டி இருந்தால் விலை இறங்கும் என்பதற்கு சிம்பாவே உதாரணம். மாதம் 10 வெள்ளிக்கு 100 ஜிபிக்கும் மேல் தருகிறது. நம் காசில் சில நூறு ரூபாய். அமீரகத்தில் அவ்வளவு போட்டி கிடையாது. அங்கே உரிமம் பெற்றவை ரெண்டே நிறுவனங்கள்: இ& எனப் பெயர் மாறிய எடிசலாட், இன்னொன்று டூ. விர்ஜின் மொபைல் என்ற மூன்றாவது பெயரும் டூவின் தாய் நிறுவனத்துடையதுதான். அதனால் அங்கே டேட்டா இந்தியா அளவுக்கு மலிவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனாலும் ரோமிங்கை விட நிச்சயம் மலிவு.

ஏர்போர்ட் கவுன்ட்டரில் விற்கும் டூரிஸ்ட் சிம் பெரும்பாலும் கொஞ்ச நாள் ஓடும் விலை உயர்ந்த பேக். ஊருக்குள் போய் வாங்கினால் குறையும். துபாய், சாங்கி ரெண்டு ஏர்போர்ட்டிலும் இலவச வைஃபை இருக்கிறது. "வந்து சேந்துட்டேன்"னு வீட்டுக்கு ஒரு மெசேஜ் போடவும், அழைக்க வரும் ஆளுக்கு லொக்கேஷன் அனுப்பவும் அது போதும். அந்த வைஃபையில் பேங்க் ஆப்பைத் திறக்காமல் இருந்தால் நல்லது.

சிம் வாங்க பாஸ்போர்ட்டோ, வேலை அனுமதி அட்டையோ வேண்டும். சிங்கப்பூரில் ஒருவர் பெயரில் மூன்று ப்ரீபெய்டு சிம்தான். இங்கேதான் கவனம் தேவை. "உன் பேர்ல ஒண்ணு வாங்கிக் குடு தம்பி, நான் காசு தர்றேன்" என்று ரூமில் இருக்கும் அண்ணன் கேட்கலாம். ஊர்க்காரர், மறுக்க மனசு வராது. ஆனால் சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல், தன் பெயரில் உள்ள சிம்மைப் பொறுப்பில்லாமல் அடுத்தவர் கையில் கொடுத்து, அது மோசடிக்குப் பயன்பட்டால், 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ரெண்டும். இந்தியாவிலிருந்து கொண்டுபோகும் சிம்மை ஏஜென்ட்டோ, வேலை கொடுப்பவரோ "எங்ககிட்ட குடுத்துடுங்க" என்று கேட்டாலும் கொடுக்கக் கூடாது. கம்போடியா, மியான்மர், லாவோஸ் பக்கத்து ஆன்லைன் மோசடிக் கூடாரங்களில் ரோமிங்கில் ஓடும் இந்திய சிம்கள் ஒரு முக்கிய ஆயுதம்.

இசிம்: வசதி இருக்கு, வழிதான் அடைபட்டிருக்கு

இன்ஸ்டாவில் டிராவல் வீடியோ பார்ப்பவர்கள் கேட்பது இதுதான்: "ஆப்ல ஒரு இசிம் வாங்கினா முடிஞ்சுதே?" இசிம் என்றால் போனுக்குள்ளேயே பதித்த சிப். பிளாஸ்டிக் சிம் மாற்றாமல், கியூஆர் கோடு ஸ்கேன் செய்து புது இணைப்பை ஏற்றிக்கொள்ளலாம். பல நாடுகளின் நிறுவனங்களிடம் மொத்தமாக டேட்டா வாங்கி, சில டாலருக்குச் சில்லறையாக விற்கும் ஆப்கள் உலகம் முழுக்க வந்துவிட்டன. ரோமிங் பேக்கை விட இவை பல நாடுகளில் மலிவு.

இந்தியாவில் கதை வேறு. வெளிநாட்டு நிறுவனத்தின் சிம்மை இங்கே உள்ளவருக்கு விற்க மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். வாங்குபவரின் பாஸ்போர்ட், விசா விவரங்களைச் சரிபார்க்கவும் வேண்டும். அந்தச் சான்று இல்லை என்பதால் 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்ளை என்ற ரெண்டு பிரபல ஆப்களும் இந்தியாவின் ஆப் ஸ்டோர்களில் இருந்து நீக்கப்பட்டன. வெளிநாட்டு நம்பர்களை வைத்து நடக்கும் சைபர் மோசடி பற்றிய கவலை நியாயமானதுதான். ஆனால் டிராவல் இசிம்களில் பெரும்பாலானவை வெறும் டேட்டா மட்டும் தருபவை, அவற்றில் நம்பரே கிடையாது. நம்பர் இல்லாத இணைப்பையும், போன் செய்யக்கூடிய சிம்மையும் ஒரே தராசில் வைத்து எடை போடுவதால் லாபம் யாருக்கு? விலை உயர்ந்த ரோமிங் பேக் விற்பவர்களுக்குத்தான்.

உங்க போனில் இசிம் வசதி இருக்கா என்று பார்க்க *#06# அழுத்துங்கள். ஐஎம்இஐ எண்ணுடன் 'ஈஐடி' என்று ஒரு நீண்ட எண் வந்தால் இருக்கு. பட்ஜெட் போன்களில் பெரும்பாலும் இருக்காது. வேலைக்குப் போகிறவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அந்த வகை போன்தான். இன்னொரு சின்ன யோசனை: இந்திய நம்பரை இசிம்மாக மாற்றிக்கொண்டு கிளம்ப வேண்டாம். வெளிநாட்டில் போன் உடைந்தாலோ தொலைந்தாலோ அதை வேறு போனுக்கு மாற்றுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும். பிளாஸ்டிக் சிம் என்றால் கழற்றி, வேறு போனில் போட்டால் வேலை முடிந்தது. இந்தியன் சிம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், வெளிநாட்டு டேட்டா இசிம்மாக இருக்கட்டும்.

90 நாள் கணக்கு

உள்ளூர் சிம் கிடைத்ததும் பலர் செய்யும் முதல் காரியம், இந்திய சிம்மைக் கழற்றி பாஸ்போர்ட் கவரில் செருகி வைப்பது. இரண்டு சிம் போடும் போனாக இருந்தாலும்கூட, "அதுக்கு எதுக்கு ரீசார்ஜ்"னு விட்டுவிடுவார்கள். மொத்த விஷயத்திலும் பெரிய நஷ்டம் வருவது இந்த இடத்தில்தான்.

டிராயின் 2013-ம் ஆண்டு விதிப்படி, ப்ரீபெய்டு நம்பர் ஒன்றில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லை என்றால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். பேலன்ஸில் 20 ரூபாயாவது இருந்தால் துண்டிக்கக் கூடாது, அந்த 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்கலாம். பலருக்குத் தெரியாத விதி இது. ஆனால் இதில் ஒரு பிடி இருக்கு. நம்பர் உங்கள் பெயரில் இருப்பது வேறு, அதற்கு ஓடிபி வருவது வேறு. பிளான் வேலிடிட்டி முடிந்துவிட்டால் வரும் மெசேஜும் நின்றுபோகும். 20 ரூபாயில் நம்பர் தப்பும், பேங்க் ஓடிபி வராது.

துண்டிக்கப்பட்ட நம்பர் அப்படியே தூங்காது. குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம் என்று டிராய் 2023-ல் உச்ச நீதிமன்றத்திலேயே சொன்னது. அதாவது உங்கள் பேங்க், ஆதார், ஜிமெயில், இ.பி. பில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும் நம்பர், முகம் தெரியாத ஒருவர் கையில் போய்ச் சேரும். ஊரில் அப்பா பெயரில் வாங்கிய நகைக்கடனுக்கு வட்டி கட்டணும்னு அவசரமாக நெட்பேங்கிங் திறக்கும்போது ஓடிபி அங்கே போகும். பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால் அதற்கும் ஓடிபி. நேரில் கிளைக்கு வாருங்கள் என்பார்கள். கிளை செந்துறையில் இருக்கும், ஆள் ஷார்ஜாவில் இருப்பார்.

இதற்கான தீர்வு முன்பை விட இப்போது மலிவு. 2024 டிசம்பர் 23 அன்று டிராய், டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் கொடுத்தே ஆகவேண்டும் என்று விதி கொண்டுவந்தது. சிறப்பு ரீசார்ஜ்களின் வேலிடிட்டி உச்சவரம்பையும் 90 நாளில் இருந்து 365 நாளாக உயர்த்தியது. அதன் பிறகு 2025 தொடக்கத்தில் ஜியோ, ஏர்டெல் ரெண்டும் 84 நாளுக்கு 450 ரூபாய் வாக்கில் இந்த வகைப் பிளான்களைக் கொண்டுவந்தன. நாளுக்கு ஐந்து, ஆறு ரூபாய். ஊர் நம்பரை உயிரோடு வைத்திருக்க ஆகும் செலவு இவ்வளவுதான். இந்தப் பிளான்களை ஆப்பின் முகப்பில் தேடாதீர்கள், கண்ணில் படாத மூலையில்தான் வைத்திருப்பார்கள்.

ரீசார்ஜ் மட்டும் போதாது. இன்டர்நேஷனல் ரோமிங் வசதியை இந்தியாவில் இருக்கும்போதே ஆக்டிவேட் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் வெளிநாட்டில் அந்த சிம் நெட்வொர்க்கே பிடிக்காது, மெசேஜும் வராது. ஆக்டிவேட் செய்த பிறகு டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் செய்துவிடுங்கள். ரோமிங்கில் எஸ்.எம்.எஸ். பெறுவதற்குப் பெரும்பாலான நிறுவனங்கள் காசு வாங்குவதில்லை. போன் கால் எடுத்தால் காசு போகும், அதனால் அந்த நம்பருக்கு யாரும் கூப்பிட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வைக்க வேண்டும். யுபிஐ ஆப்பையும் கிளம்பும் முன்பே போனில் பதிவு செய்துவிடுவது நல்லது. பதிவின்போது உங்கள் போனில் இருந்து ஒரு எஸ்.எம்.எஸ். தானாகப் போகும், அதை வெளிநாட்டில் செய்தால் சர்வதேசக் கட்டணம்.

நீண்ட காலம் தங்குபவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2023 ஜனவரியில் என்பிசிஐ, வெளிநாட்டு நம்பரிலேயே யுபிஐ பயன்படுத்த அனுமதித்தது. சிங்கப்பூர், அமீரகம், சவுதி, கத்தார், ஓமன் உட்பட 10 நாடுகள் அந்த முதல் பட்டியலில் இருந்தன. ஆனால் அதற்கு என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு வேண்டும். சட்டப்படி வெளிநாட்டில் குடியிருப்பவர் தன் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ ஆக மாற்றியே ஆகணும். வேலைக்குப் போகிறவர்களில் அதைச் செய்துவிட்டுக் கிளம்புகிறவர் கொஞ்சம் பேர்தான்.

வாட்ஸ்ஆப்பும் இந்தக் கணக்கில் வந்துவிட்டது. 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்ஆப், டெலிகிராம் போன்ற ஆப்களை சிம்முடன் கட்டிப்போட உத்தரவிட்டு, 90 நாள் அவகாசம் கொடுத்தது. எந்த நம்பரில் பதிவு செய்தீர்களோ அந்த சிம் போனில் இருந்தால்தான் ஆப் ஓடவேண்டும் என்பது அதன் சாரம். நோக்கம் மோசடியைத் தடுப்பது. ஆனால் சிம்மைக் கழற்றி பாஸ்போர்ட் கவரில் வைப்பவருக்கு அது எங்கே வலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ரெண்டு சிம் ஸ்லாட் உள்ள போன் இனி ஆடம்பரம் இல்லை.

'நேத்து போச்சு, இன்னைக்கு போகல'

துபாய் போன முதல் வாரம் வாட்ஸ்ஆப்பில் அம்மாவிடம் பேசியவர், ரெண்டாவது வாரம் கூப்பிட்டால் இணைப்பே வராது. "மாமா, நெட்டு போடலையா?" என்று ஊரிலிருந்து கேட்பார்கள். நெட் இருக்கும். அமீரகத்தில் வாட்ஸ்ஆப் வாய்ஸ், வீடியோ கால்கள் தடை செய்யப்பட்டவை, மெசேஜ் மட்டும் போகும். முதல் வாரம் போனதற்குக் காரணம் முன்பு சொன்ன சுற்றுப்பாதை. ரோமிங்கில் இருந்தபோது டேட்டா இந்தியா வழியாகப் போனது. உள்ளூர் சிம் போட்டதும் அந்த நாட்டு விதி வந்துவிட்டது.

அங்கே பேசுவதற்கு போட்டிம் போன்ற அனுமதி பெற்ற ஆப்கள் இருக்கின்றன. 2017-ல் எடிசலாட் மொபைலுக்கு மாதம் 50 திர்ஹாம் என்று இன்டர்நெட் காலிங் பேக்கே கொண்டுவந்தது. ஆக, அமீரகம் போகிறவர் டேட்டா செலவைக் கணக்குப் போடும்போது பேசும் செலவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ரூமில் யாராவது "விபிஎன் போட்டுக்க, எல்லாரும் பண்றாங்க" என்பார்கள். விபிஎன் மூலம் ஐபி முகவரியை மறைத்து குற்றச் செயல் செய்தால் அந்த நாட்டின் 2021-ம் ஆண்டு சைபர் குற்றச் சட்டத்தில் குறைந்தபட்ச அபராதமே 5 லட்சம் திர்ஹாம், அதிகபட்சம் 20 லட்சம். அம்மாவிடம் பேசுவதற்காக இந்த ரிஸ்க் வேண்டாம். கிளம்பும் முன்பே வீட்டில் உள்ளவர்கள் போனிலும் அந்த ஆப்பைப் போட்டு, ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

டெல்லி செய்ய வேண்டியது

பயணியை மட்டும் குறை சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. ஐரோப்பிய யூனியனில் 2017 ஜூன் 15 முதல், ஒரு உறுப்பு நாட்டின் சிம் இன்னொரு உறுப்பு நாட்டிலும் சொந்த ஊர்க் கட்டணத்திலேயே ஓடுகிறது. கம்பெனிகளுக்கு இடையிலான மொத்த விலைக்கே அரசு உச்சவரம்பு வைத்ததால் அது சாத்தியமானது. 2022-ல் அந்த விதியை 2032 வரை நீட்டித்தார்கள். அது 27 நாடுகளின் கூட்டமைப்பு, நமக்குப் பொருந்தாது என்று சொல்லலாம். சரி, சிங்கப்பூரும் மலேசியாவும்? ரெண்டே நாடுகள். 2011-ல் குரல் அழைப்பு, எஸ்.எம்.எஸ். ரோமிங் கட்டணத்தைப் படிப்படியாகக் குறைக்க அவை ஒப்புக்கொண்டன.

இந்தியாவுக்கும் அமீரகத்துக்கும் இடையே 2022 மே 1 முதல் விரிவான பொருளாதார ஒப்பந்தம் அமலில் இருக்கிறது. சிங்கப்பூரின் பேநவ்வையும் நம் யுபிஐயையும் 2023 பிப்ரவரியில் இணைத்தார்கள். பணம் எல்லை தாண்ட ரெண்டு அரசுகள் உட்கார்ந்து பேச முடியும் என்றால், ஒரு ஜிபி டேட்டா எல்லை தாண்டவும் பேச முடியும். அந்த மேசையில் ரோமிங் மொத்த விலை வரவேண்டும். அதுவரை, டேட்டா மட்டும் தரும் இசிம்களுக்கு எளிமையான அனுமதி முறை ஒன்றை தொலைத்தொடர்புத் துறை கொண்டுவரலாம். பாஸ்போர்ட் சரிபார்ப்பு இருக்கட்டும், வாசல் திறந்திருக்கட்டும்.

இதைவிடச் செலவில்லாத வேலை ஒன்றும் இருக்கு. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக வெளியுறவுத் துறை 2018 முதல் புறப்பாட்டுக்கு முந்தைய ஒரு நாள் பயிற்சி நடத்துகிறது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் உள்ளவர்கள் ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் கட்டி காப்பீடும் எடுக்கிறார்கள். அந்தப் பயிற்சியில் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொருவர் போனையும் கையில் வாங்கி ரோமிங் ஆக்டிவேட் ஆகியிருக்கா, பேங்க் கணக்கில் எந்த நம்பர் இருக்கு, யுபிஐ ஓடுதா என்று பார்த்து அனுப்பலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இதையே தன் வழியாகப் போகிறவர்களுக்குச் செய்யலாம். சிம் விஷயம் சின்னது என்று நினைப்பவர்கள், ஓடிபி வராமல் சம்பளப் பணத்தை எடுக்க முடியாத ஒருவரிடம் பேசிப் பார்க்க வேண்டும்.

ரீசார்ஜை அங்கிருந்து அவரே செய்ய வேண்டும் என்ற அவசியமும் இல்லை. ஊரில் இருக்கும் தம்பியோ, தங்கையோ தங்கள் போனில் இருந்தே அண்ணன் நம்பருக்குப் போட்டுவிடலாம். 84 நாள் பிளான் என்றால் வருஷத்துக்கு ஐந்து தடவை. வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் அடுத்த தேதியின் மேல் பேனாவால் ஒரு வட்டம் போட்டு வைத்தால், தாள் கிழிக்கும்போது அம்மாவே ஞாபகப்படுத்துவார்.